அப்பாவின் பில்லையில் இறங்கிய மாமா

நம் வயதுக்காரர்களில் கொஞ்சப் பேர்தான் மிச்சம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் புங்க மரத்தடியில் நின்று முட்டிவலி, கண்புரை, மருமகள் என்று மூன்று விஷயங்களைப் பேசிவிட்டுக் கலைந்துபோகிறோம். போன வாரம் நம் சபையின் சின்ன ஐயர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கஷ்டத்துல கர்த்தர் உங்களை எப்படித் தாங்கினாருன்னு வாலிபப் பிள்ளைகளுக்கு ஒரு சாட்சி சொல்லுங்கம்மா" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தச் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. வியாதி வந்தது, ஜெபித்தோம், போய்விட்டது. வேலை போனது, ஜெபித்தோம், அதைவிட நல்ல வேலை கிடைத்தது. கேட்டால் எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிட்டதாம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சி. அதில் எதுவும் சரியாகவில்லை. மேடையில் நின்று சொன்னால் பிள்ளைகள் முழிப்பார்கள். நீங்கள் என்னைப் போல அலுத்துப்போனவர்கள், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த அந்தக் கோடையில் எனக்கு ஒன்பது வயது. மாரிகுப்பம் வரை ரயில் வந்துவிட்டிருந்தது, கரண்டு வரவில்லை. சுரங்கத்துக்குள் மெழுகுவத்திதான் வெளிச்சம். தொப்பியின் முன்பக்கம் ஓர் உருண்டை களிமண்ணை அப்பி, அதில் வத்தியைக் குத்திக்கொண்டு இறங்குவார்கள். ஆட்டுக்கொழுப்பில் செய்த வத்தி. அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் அந்த வாடை வீட்டுக்குள் வரும், பிறகுதான் அப்பா வருவார். எரிந்து மிஞ்சிய துண்டு வத்திகளை அம்மா ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். அந்த டப்பாவின் மூடியில் ஒரு குதிரைப் படம் இருந்தது. அது எங்கே தொலைந்ததென்று தெரியவில்லை.

சுரங்கக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைனில் எல்லாமே மூங்கில் தட்டி வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் நான்காவது வீட்டில் கேட்கும். கல் இடிக்கும் மில் இரவும் பகலும் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். கைக்குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கும். மில் நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும். தண்ணீருக்கு அம்மா காலையில் போனால் வெயில் ஏறியபிறகுதான் திரும்புவாள். காற்றடித்தால் மில்லில் அரைத்துக் கொட்டிய மணல்மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி பறந்து வந்து களியில் விழும். அந்தக் களியைத்தான் தின்றோம், பற்கள் நறநறத்தன.

எதிர் வீட்டில் ஒரு மாமாவும் அத்தையும் இருந்தார்கள். சொந்தம் இல்லை. அவர்களும் எங்களைப் போலவே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அப்பா அவரை மச்சான் என்பார், அவரும் அப்பாவை மச்சான் என்பார். அப்பா ஞானஸ்நானம் வாங்கியபிறகும் அந்த முறை மாறவில்லை. மாமா வீட்டில் அம்மன் படத்துக்கு விளக்கு வைப்பார்கள். எங்கள் வீட்டில் தலைமாட்டில் வேதப் புத்தகம் இருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் தினமும் தூசு தட்டி வைப்பார். மாமா சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள். எனக்கு விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்து அம்மாவிடம் திட்டு வாங்கியவர் அவர்தான். அத்தைக்கு அப்போது ஆறு மாதக் குழந்தை.

இனி பில்லை. அதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் விளங்காது. சுரங்கத்தில் ஆளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எண் வெட்டிய வட்டமான பித்தளைத் தகடு ஒன்று டைம் ஆபீஸ் சுவரில் ஆணியில் தொங்கும். இறங்கும்போது சன்னலில் எண்ணைச் சொன்னால் ரைட்டர் அதை எடுத்து நீட்டுவார். அரைஞாணில் முடிந்துகொண்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகவேண்டும். மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும், மறுபடி ஆணிக்குப் போகும். ஷிப்ட் முடிந்தும் ஓர் ஆணி வெறுமையாக இருந்தால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அப்பாவின் எண் நானூற்றுப் பன்னிரண்டு. ரைட்டர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அப்பாவுக்குப் புதன்கிழமை, மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு ஞாயிறு வேண்டும், கோயிலுக்குப் போகவேண்டும். மேஸ்திரியிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். "உன் சாமிக்கு ஒரு நாளு, அவன் சாமிக்கு ஒரு நாளுன்னு நான் பிரிச்சுக் குடுத்தா, எந்தச் சாமி வந்து எனக்கு ஆளு அனுப்பும்?" என்றாராம் மேஸ்திரி. அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். மாமாதான் வழி சொன்னார்.

"ரைட்டரு மூஞ்சியா பாக்குறான்? ஞாயித்துக்கிழம உன் பில்லையில நான் எறங்குறேன். புதன்கிழம என் பில்லையில நீ எறங்கு. உன் சாமிக்கும் கோவமில்ல, என் சாமிக்கு எந்த நாளும் ஒண்ணுதான்."

ஒருவன் பில்லையில் இன்னொருவன் இறங்குவது அங்கே பெரிய குற்றம். தங்கம் திருடுகிறவன் செய்கிற வேலை என்று அதற்குப் பெயர். கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும், அன்றைக்கே வீட்டைக் காலி செய்யவேண்டும். இருந்தும் ஒரு வருடத்துக்கு மேல் இது நடந்தது. கீழே மங்கிய வெளிச்சத்தில், புழுதி அப்பிய முகத்தில் யாரை யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு தொல்லை சாப்பாட்டு நேரம். அப்போது கும்பல் முழுக்க, கேஜ் இறங்குகிற ஷாஃப்ட் பக்கம் வந்து ஓரிடத்தில் உட்காரும், மேஸ்திரி ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டுப் போவார். மேஸ்திரிக்கு முகம் தெரியும். அதனால் அந்த நேரத்தில் ஒளிந்துகொள்ள அப்பா மாமாவுக்கு ஓர் இடம் காட்டியிருந்தார். தாது தீர்ந்துபோய்க் கைவிட்ட பழைய குறுக்குப் பாதை ஒன்று. புதன்கிழமைகளில் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவார். இரண்டு பேரையும் தவிர அந்த இடம் யாருக்கும் நினைவில் இல்லை.

எங்கள் கோயில் அப்போது தகரக் கொட்டகை. மணிக்குப் பதிலாக ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கட்டித் தொங்கவிட்டு அடிப்போம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் உட்காருவோம். அப்பாவுக்கு ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் இருப்பார். சுரங்க வேலைக்காரர்களில் பாதிப்பேருக்கு ஓய்வு வேறு நாளில், ஞாயிறு வர முடியாது. பிரசங்கம் செய்கிற உபதேசியார் அப்பாவைக் காட்டிச் சொல்வார், "ஓய்வு நாளைக் காக்கிற மனுஷனைப் பாருங்கள். மனமிருந்தால் கர்த்தர் வழி திறப்பார்." அப்பா குனிந்துகொள்வார். வெட்கம் என்று நினைத்தேன். அதில் பெருமையும் இருந்தது என்பது இப்போது தெரிகிறது. அந்தப் பெருமைக்காக ஒருவர் பூமிக்கடியில் வேலை செய்துகொண்டிருந்தது என் தலைக்கு எட்டவில்லை. அப்பாவின் தலைக்கும் எட்டவில்லை என்றே நினைக்கிறேன். உபதேசியாருக்கு விஷயம் தெரியும், கேட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தார். நல்ல மனிதர். அந்தக் கொட்டகையைக் கல் கோயிலாகக் கட்ட இடம் கேட்டு வருடக்கணக்காகச் சுரங்கத்துத் துரை வீட்டு வாசலில் நின்றவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. வெயிலில் தகரம் காய்ந்து பெண்கள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பாய்க்குக் கீழே தரை ஒருமுறை தூக்கிப்போட்டது. கூரைத் தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டது. பிறகு மில் நின்றுவிட்டது. அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பிறகு சங்கு ஊத ஆரம்பித்தது, நிற்காமல் ஊதியது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அப்பா மட்டும் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். அம்மா ஆண்கள் பக்கம் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கோயிலுக்குள் அவள் அப்படிச் செய்து பார்த்ததே இல்லை.

லைனே காலியாக இருந்தது, எல்லோரும் ஷாஃப்டுக்கு ஓடியிருந்தார்கள். அப்பா பின்பக்கமாக வீட்டுக்குள் வந்தார். கொஞ்ச நேரத்தில் டைம் ஆபீஸ் பியூன் எண்ணைக் கூவிக்கொண்டே வந்தான்.

"நானூத்திப் பன்னெண்டு வூடு எதும்மா?"

அம்மா வெளியே போய் நின்றாள்.

"சோத்து நேரம்ங்கறதால மத்தவங்கல்லாம் ஷாஃப்டாண்ட இருந்தாங்க, தப்பிச்சு ஏறிட்டாங்க. உன் வூட்டுக்காரரு பில்லை மட்டும் வரல. வேல செய்ற எடத்துலயே நின்னுட்டாரு போல. அங்க சரிஞ்சிருக்குது, தோண்டுறாங்க. மனசத் தேத்திக்க" என்றான்.

தட்டிக்கு இந்தப் பக்கம், அம்மாவுக்கு இரண்டு முழம் பின்னால், அப்பா வெள்ளைச் சட்டையோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தட்டிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பியூன் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் எங்கள் வாசலில் ஒப்பாரி. லைன் பெண்கள் வந்து மாரடித்துக்கொண்டு அழுதார்கள். எங்கள் லைனில் கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும்தான், காலையில் அப்பாவைக் கோயிலில் பார்த்தவர்கள் அவர்களில் யாரும் இல்லை. அம்மா வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து அவர்களோடு அழுதாள். யாரையும் உள்ளே விடாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை. ஆனால் அவள் அழுகை பொய்யில்லை. எதிர் வீட்டு வாசலில் அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கணவர் லீவில் ஊருக்குப் போயிருப்பதாக லைனில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அழ வேண்டியவள் அவள். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. "எதிர்த்த வூட்டுக்காரி நெஞ்சப் பாத்தியா? ஒரு சொட்டு கண்ணுல தண்ணி வரல" என்று ஒரு கிழவி சொன்னது என் காதில் விழுந்தது. அத்தை காதிலும் விழுந்திருக்கும்.

சாயங்காலம் உபதேசியார் வந்தார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். உள்ளே வந்து அப்பாவைப் பார்த்ததும் அவர் திடுக்கிடவில்லை. காலையில் முன்வரிசையில் பார்த்தவர்தானே.

அப்பா மெதுவாகச் சொன்னார், "ஐயா, அவங்க தோண்டுற எடத்துல அவன் இல்ல. பழைய குறுக்குப் பாதையில இருப்பான். நான் போய்ச் சொல்லணும்."

உபதேசியார் தாடியைத் தடவினார். "நிச்சயமா அங்கதான் இருப்பாருன்னு தெரியுமா தம்பி?"

"சோத்து நேரத்துல அங்கதான் இருப்பான்."

"சாப்பிடப் போறதுக்கு முன்னாடியே சரிஞ்சிருந்தா? அவங்க தோண்டட்டும். அங்க இல்லன்னா அப்புறம் யோசிக்கலாம். நீங்க போய் நின்னா, கிறிஸ்தவன் பில்லை மாத்துறவன்னு ஆயிடும். நம்ம ஆளுங்க எல்லார் வேலைக்கும் ஆபத்து. கோயில் எடம் கையெழுத்தாகப் போற நேரம். விடியட்டும். கர்த்தர் அவரைக் காப்பார், ஜெபிப்போம்."

ஜெபித்தார். நீண்ட ஜெபம், அழகான வார்த்தைகள். அப்பா "ஆமென்" சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் நானும் சொன்னேன். இதை எழுதும்போதும் அந்த ஆமென் எனக்குக் கசக்கிறது. அவர் கெட்டவர் இல்லை என்று மறுபடி சொல்கிறேன். நாமும் எத்தனை முறை, செய்ய வேண்டியதைச் செய்யாமல் அதற்குப் பதிலாக முழங்கால் போட்டிருக்கிறோம்! அந்த இரவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன். மில் ஓடாததால் லைனில் குழந்தைகள் அழுதுகொண்டே இருந்தன என்று பிறகு அம்மா சொன்னாள்.

மறுநாள் உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் பியூன் மறுபடி வந்தான். வேலை செய்த இடம் முழுக்கக் கல்லை அகற்றிவிட்டார்களாம், ஆள் இல்லை. "கல்லோட கல்லா அரைஞ்சு போயிருப்பாரும்மா. இன்னும் தோண்டினா தோண்டுறவன் மேல விழும்னு துரை நிறுத்தச் சொல்லிட்டாரு. சாயங்காலம் மறுபடி மெஷின ஓட்டுறாங்க" என்றான்.

அவன் போனதும் அத்தை தெருவைக் கடந்து வந்தாள். ஒரு நாள் முழுக்க அவள் அந்தப் பத்தடியைக் கடக்கவில்லை. குழந்தையை என் மடியில் போட்டாள். அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, நேத்திலிருந்து நான் வாயத் தொறக்கல. தோண்டுறாங்களேன்னு இருந்தேன். இப்ப நிறுத்திட்டாங்க. அவரு எங்க குந்திக்கினு சோறு துன்னுவாருன்னு எனக்குத் தெரியாது. அந்த எடத்தக் காட்டினதே அண்ணன்தான்னு சொல்லுவாரு. உன் சாமிகிட்ட கேளுக்கா. நான் எங்க அம்மன்கிட்ட கேட்டுட்டேன். உன் சாமி பெரிய சாமின்னு சொல்வியே, அவருகிட்ட கேளு."

அம்மா முழங்காலிட்டாள். கண்ணை மூடினாள். நான் ஜெபத்துக்காகக் காத்திருந்தேன். உதடு அசைந்தது, ஒரு வார்த்தையும் வரவில்லை. பிறகு கண்ணைத் திறந்து எழுந்தாள். தட்டிக் கதவை அகலமாகத் திறந்துவிட்டாள். ஒரு நாளாக மூடியிருந்த வீட்டுக்குள் வெயில் வந்து விழுந்தது.

"இன்னாங்க, போங்க" என்றாள்.

அப்பா அசையவில்லை. "ஐயா இன்னா சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா சொன்னது ஐயாவுக்கு. எனக்கு ஜெபம் வரல. வாயத் தொறந்தா, முதல்ல அவன எடுத்துட்டு வான்னு ஆண்டவரு சொல்ற மாதிரி இருக்குது. நீங்க போங்க. போனப்புறம் நான் ஜெபம் பண்றேன். இப்பப் பண்ணா அவரு கேக்க மாட்டாரு."

அப்பா வெளியே போனார். நேற்று போட்ட அதே வெள்ளைச் சட்டை. செத்தவர் தெருவில் நடந்ததைப் பார்த்து லைன் பெண்கள் கூச்சல் போட்டார்கள், ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. அம்மா, அத்தை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான், மூன்று பேரும் பின்னாலேயே ஓடினோம்.

டைம் ஆபீஸ் சன்னலில் அப்பா நின்றார். "நானூத்திப் பன்னெண்டு" என்றார். ரைட்டர் பழக்கத்தில் ஆணியைப் பார்த்துக் கையை நீட்டி, ஆணி வெறுமையாக இருப்பதைக் கண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். அப்பா உரக்கச் சொன்னார், சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நானூத்திப் பன்னெண்டு நான்தான். உள்ள இருக்கறவன் எதிர் வூட்டுக்காரன். நான் கோயிலுக்குப் போறதுக்காக என் பில்லையில எறங்கினான். அவன் எங்க இருப்பான்னு எனக்குத் தெரியும். நேத்தே தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கவேண்டியதில்லை. யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தார், பொத்தான் தெறித்து விழுந்தது. சிவந்த முகத்தோடு துரை வந்தார். அப்பா தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார், இது ஷாஃப்ட், இது வேலை நடக்கிற லெவல், இது பழைய பாதை என்று. துரை கோட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நான்கு பேரைக் கூப்பிட்டு, அப்பாவின் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்த்துக் கேஜில் ஏற்றினார். பில்லை இல்லாமல் அப்பா இறங்கியது அந்த ஒரு முறைதான்.

நாங்கள் வெளியே கல்மேட்டில் உட்கார்ந்தோம். நிழல் கிடையாது. கல் சுட்டது. குழந்தை அழுது அழுது ஓய்ந்துவிட்டது. அம்மா சொன்னபடி ஜெபிக்க ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, தப்பு எங்களுது. அவரு ஒரு தப்பும் பண்ணல. அவரப் பாத்துக்கோ."

அத்தை காத்திருந்தாள். பிறகு, "அவ்ளோதானாக்கா?" என்றாள்.

"அவ்ளோதான்."

"நேத்து அந்த ஐயா அவ்ளோ நேரம் பண்ணாரே."

"எனக்கு அவ்ளோதாம்மா வருது" என்று சொல்லி அம்மா அத்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

 பிறகு இரண்டு பேரும் கேஜ் கயிறு போகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவே இல்லை. அம்மாவின் முகத்தில் தைரியமோ சந்தோஷமோ எதுவும் இல்லை, அவ்வளவு களைப்பு. ஆனால் எழுந்து போகவும் இல்லை. தேவன்மேல் நம்பிக்கை என்று யார் பேசினாலும் எனக்கு அந்தக் கல்மேடுதான் ஞாபகம் வருகிறது. எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர் அங்கே இருக்கிறார், அதனால் நாமும் இருப்போம் என்கிற மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பசித்தது, பயமாக இருந்தது, ஆனாலும் அவள் தோளில் சாய்ந்தபோது ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியதென்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நடுவில் உபதேசியார் வந்தார். யாரும் அவரை வாங்க என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். பிறகு வந்து, தன் குடையை விரித்து அத்தைக்கும் குழந்தைக்கும் மேலே பிடித்துக்கொண்டார். ஜெபிக்கட்டுமா என்று கேட்கவில்லை. சூரியன் சாய்கிறவரை கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார், வியர்வை அவர் தாடியிலிருந்து சொட்டியது. மற்றதெல்லாம் போகட்டும், அந்தக் குடைக்காக நான் அவரை மன்னித்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்து சக்கரம் சுற்றியது. மாமாவை ஒரு பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. குறுக்குப் பாதையின் வாயில் விழுந்த பாறை ஒன்று அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது. கால் கறுத்து, ஊதி, அவருடையது இல்லை போல் இருந்தது. அத்தை அப்போதுதான் அழுதாள். ஒரு நாள் முழுக்க அடக்கிவைத்த அழுகை. சுரங்கத்து டாக்டர் அன்று இரவே அந்தக் காலை வெட்டி எடுத்தார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் வந்து சொன்னார். அப்பா ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இரண்டு கையிலும் நகம் பிய்ந்து ரத்தம் உறைந்திருந்தது.

இரண்டு பேருக்கும் வேலை போனது. மாமா எழுந்து உட்காருகிறவரை வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல் விட்டு வைத்தார்கள், அது துரையின் தயவு. கோயில் இடத்துக்கு, வேறு உபதேசியார் வந்து, பல வருடம் கழித்துத்தான் கையெழுத்தானது. பிற்காலத்தில் அப்பா பங்காருபேட்டை ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை விற்றார். இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே ஏழு வருடம் இருந்தோம். அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை, ஆனால் அதற்கப்புறம் வாசலோரத்தில்தான் உட்கார்ந்தார். அந்த வெள்ளைச் சட்டையை நான் மறுபடி பார்க்கவில்லை. மாமா கடைசிவரை அம்மனுக்குத்தான் விளக்கு வைத்தார். யாரும் அவரை மாற்றப் பார்க்கவில்லை, அப்பாவுக்கு அந்த வாய் இல்லை. உங்களில் சிலருக்கு இது பிடிக்காது. நடந்தது அப்படித்தான்.

நாங்கள் லைனை விட்டுக் கிளம்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ரயில் இருந்தது, ஆனால் மாமாவை நீட்டிப் படுக்கவைத்து அதில் யார் ஏற்றுவார்கள்? ஒரு மாட்டு வண்டி பிடித்தோம். மாமாவை வைக்கோல் மேல் படுக்கவைத்து, பாத்திரம் பண்டங்களை ஓரத்தில் அடுக்கி, அம்மாவும் அத்தையும் குழந்தையும் நானும் ஏறிக்கொண்டோம். அப்பா ஏறவில்லை. வண்டிப் பாரத்தைக் காரணம் சொல்லி, வண்டியின் பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணல்மேடுகள் பின்னால் போய்விட்டன. 

மாமாதான் பேச்சை ஆரம்பித்தார், வானத்தைப் பார்த்துக்கொண்டே.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உள்ள இருட்டுல எனக்கு நேரமே தெரியல. வத்தி அணைஞ்சிபோச்சு. எங்க அம்மனக் கூப்டேன். அப்புறம் இது உன் நாளாச்சேன்னு உன் சாமியையும் கூப்டேன். அந்த எடம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான், அவன அனுப்புன்னு கேட்டேன். அவன் வருவான், வந்துருவான்னு சொல்லிக்கினே கெடந்தேன். ஒரு ஷிப்ட் நேரம் இருக்குமா மச்சான் நீ வர்றதுக்குள்ள?"

அத்தை அம்மாவைப் பார்த்தாள். இத்தனை நாளும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கேயே முடிந்திருக்கும். நான்கூட மனதுக்குள், சொல்லுங்கப்பா, ஆமாம்னு சொல்லுங்க என்று வேண்டிக்கொண்டேன்.

அப்பா நடந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"இல்ல மச்சான். பாதிப் பகலு, ஒரு ராத்திரி, மறுபடி ஒரு முழுப் பகலு. நீ எங்க இருக்கேன்னு எனக்கு முதல்லயே தெரியும். வேல போயிடும்னு பயந்துக்கினு வூட்டுல குந்தியிருந்தேன். உன் காலு போனது என்னாலதான்."

சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். அப்பா சட்டத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டார், வண்டி அவரைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று நினைத்தேன்.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார் மாமா.

வண்டி நின்றது. அப்பா மெதுவாக நடந்து வந்து சேர்ந்தார், முகத்தைத் தூக்கவில்லை. மாமா முழங்கையை ஊன்றி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு காலை மடக்கி வைக்கோலில் இடம் பண்ணினார்.

"வந்துட்டே இல்ல" என்றார். "ஏறிக் குந்து மச்சான். பங்காருபேட்ட இன்னும் தூரம் இருக்குது."